தலைவலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?

திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். மற்ற ஊர்களில் மாதம் பிறந்தால் சம்பளம், இங்கே வாரம் முடிந்தால் சம்பளம். அப்படி ஒரு சனிக்கிழமை ராத்திரியில்தான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

மங்கலத்தில் ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை அக்காதான், அதனால் பெயர் வேண்டாம். ஆனால் காலையில் மங்கலம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் இவரை மாதிரிப் பத்துப் பேராவது சோத்துப் போசியோடு நிற்பார்கள். வயது நாற்பத்தைந்து. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, உடம்புத் துணியும் கைத் துணியும் ஒரே ஷேடா என்று பார்த்துத் தள்ள வேண்டும். வீட்டுக்காரருக்கு டையிங்கில் லேப் வேலை. இரண்டு பேருமே கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.)

அன்றைக்கு ஒண்ணரை ஷிப்ட். சம்பளம் வாங்கி, பஸ் பிடித்து, வீட்டுக்கு வரும்போது மணி ஒன்பது. குழாயடியில் நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கப் போகிறார். பின்மண்டையில் பொளேர் என்று ஓர் அடி! யாரோ கட்டையால் அடித்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கிறார். யாரும் இல்லை. குடம் கீழே கிடக்கிறது. வாந்தி வருகிறது.

"ஏனுங்க, தலையில இடி உழுந்தாப்ல இருக்குதுங்க."

"ஒண்ணரை ஷிப்டு நின்னா வலிக்காம என்ன பண்ணும்? ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படு அம்மிணி."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுக்கைதான். பக்கத்து வீட்டில் பித்தம் என்றார்கள், எதிர்வீட்டில் சைனஸ் என்றார்கள். மெடிக்கலில் இன்னும் இரண்டு மாத்திரை. திங்கட்கிழமை காலையில் கழுத்தைக் குனிய முடியவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது. அப்புறம்தான் திருப்பூருக்குக் கூட்டிப் போகிறார்கள். அரை மணி நேரப் பயணம். தலையில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வருகிறது: நார்மல்.

எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி. "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, கெளம்பலாம்" என்று பையை எடுக்கிறார் வீட்டுக்காரர். அப்போதுதான் டூட்டி டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்கிறார்.

"தலைவலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?"

இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

*

மூளையைச் சுற்றி மூன்று உறைகள் இருக்கின்றன. நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மூளைத் தண்டுவட நீர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையதை வடித்துக்கொண்டே இருக்கும். மூளையின் பெரிய ரத்தக்குழாய்கள் இந்த நீருக்குள்தான் ஓடுகின்றன. குழாயின் ஓரிடத்தில் சுவர் மெலிந்து பலூன் மாதிரி புடைத்திருந்தால் அதற்கு அன்யூரிசம் என்று பெயர். அது வெடித்தால் ரத்தம் நேராக இந்த நீரில் கலக்கும். இதுதான் சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு. அடிபடாமல் தானாக வரும் இந்தக் கசிவுகளில் நூற்றுக்கு 85 இப்படி வெடித்த பலூனால் வருவதுதான்.

இதன் அடையாளம், வலி எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதில் இருக்கிறது. ஒற்றைத் தலைவலி மெல்ல மெல்ல ஏறும். இது சில விநாடிகளில், அதிகம் போனால் சில நிமிடங்களில், உச்சத்துக்குப் போய்விடும். அதனால்தான் டாக்டர்கள் இதை இடி விழுந்த தலைவலி என்கிறார்கள். அக்கா எந்தப் புத்தகமும் படிக்காமலே அதே வார்த்தையைச் சொன்னார், கவனித்தீர்களா?

உடனே பயந்துவிட வேண்டாம். இப்படித் திடீரென்று வரும் தலைவலி எல்லாமே ரத்தக்கசிவு கிடையாது. கனடாவில் ஜெஃப்ரி பெர்ரி என்ற டாக்டரின் குழு இப்படித் திடீர்த் தலைவலியோடு வந்த 3,132 பேரைப் பின்தொடர்ந்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதில் ரத்தக்கசிவு இருந்தது 240 பேருக்கு. அதாவது கிட்டத்தட்ட 13 பேரில் ஒருவர். மற்ற 12 பேருக்கும் இந்த ரத்தக்கசிவு இல்லை. யார் அந்த ஒருவர் என்று கண்டுபிடிப்பதில்தான் சிக்கல்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிவந்தது. தலைவலி ஆரம்பித்து 6 மணி நேரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ஒரு ரத்தக்கசிவைக்கூடத் தவறவிடவில்லை. 6 மணி நேரம் தாண்டி எடுத்தவற்றில் 100 ரத்தக்கசிவுக்குச் சுமார் 86-ஐத்தான் பிடித்தது. மீதி 14 பேருக்கும் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றுதான் வந்திருக்கும்.

மெஷின் அதே மெஷின்தான். அப்புறம் எப்படி? புதிதாகக் கொட்டிய ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும். நேரம் போகப் போக, ஓடுகிற நீர் அதைக் கரைத்து அடித்துக்கொண்டு போகிறது. ஓடும் வாய்க்காலில் ஒரு கப் சாயத்தை ஊற்றிவிட்டு உடனே பார்த்தால் நிறம் தெரியும், மறுநாள் போய்ப் பார்த்தால் தண்ணீர்தான் தெரியும். அது மாதிரி.

அக்காவுக்குத் தலைவலி வந்தது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. ஸ்கேன் எடுத்தது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. 37 மணி நேரம். இந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்ப டாக்டரம்மாவுக்கு மனசு வரவில்லை.

*

"முதுகுல கொஞ்சம் தண்ணி எடுத்துப் பாக்கணுங்க அண்ணா."

"டாக்டரம்மா, ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைங்கறப்ப முதுகுல எதுக்குங்க ஊசி? எங்க பக்கம் ஒருத்தருக்கு இப்படித்தான் ஊசி போட்டு, கால் விளங்காமப் போயிருச்சுன்னு சொல்லுவாங்க..."

இந்தப் பயம் இல்லாத குடும்பமே கிடையாது. படித்தவர்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்பின் முதல், இரண்டாம் கணு அருகிலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது கணு இடுக்கிலோ நான்காவது ஐந்தாவது இடுக்கிலோ. அங்கே தண்டுவடம் இல்லை, நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன. எடுக்கும் நீரும் சில மில்லிதான். உடம்பு மணிக்கு 20 மில்லி சுரக்கிறது என்பதால் எடுத்தது சீக்கிரமே நிரம்பிவிடும். சிலருக்கு அப்புறம் சில நாள் தலைவலி இருக்கும், எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகும். அது உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. நல்ல மெல்லிய ஊசியாக இருந்தால் அதுவும் குறையும். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியையே எடுப்பார்கள்.

இந்த வைத்தியம் ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் குவின்கே என்ற டாக்டர் 1891-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். முதல் சி.டி. ஸ்கேன் லண்டனில் எடுக்கப்பட்டது 1971-ல்தான். நடுவில் 80 வருஷம்! 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி.ராமமூர்த்தியும் மூளை அறுவை சிகிச்சையை ஆரம்பித்தபோது, தலைக்குள் ரத்தம் கசிந்ததா என்று தெரிந்துகொள்ள டாக்டர்கள் கையில் இருந்த நேரடி வழி இந்த முதுகு நீர்தான். ஸ்கேன் வந்த பிறகு அது பின்னால் போய்விட்டது. ஆனால் ஸ்கேன் கைவிடும் இடத்தில் இன்றைக்கும் அதுதான் வந்து நிற்கிறது.

*

சரி, நீரை எடுத்தாயிற்று. சொட்டுச் சொட்டாக நான்கு சிறு குப்பிகளில் பிடித்தார்கள். பார்த்தால் லேசான சிவப்பு. வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ரத்தம் இருக்கிறதே, அப்போது முடிந்ததா?

இல்லை. இங்கேதான் சுவாரசியமே இருக்கிறது.

ஊசி உள்ளே போகும்போது வழியில் ஏதாவது ஒரு நுண் ரத்தக்குழாயைக் குத்தியிருக்கலாம். அந்த ரத்தமும் நீரில் கலந்து சிவப்பாகத்தான் வரும். இது அடிக்கடி நடப்பதுதான். ஆக, குப்பியில் இருக்கும் ரத்தம் சனிக்கிழமை தலையில் கசிந்ததா, இப்போது முதுகில் ஊசி குத்தியதால் வந்ததா? சிவப்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. முதல் குப்பியிலிருந்து நான்காவது குப்பிக்குள் சிவப்பு குறைந்துகொண்டே போனால் ஊசி ரத்தமாக இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்கள்.

ஆய்வகத்தில் தேடுவது சிவப்பை அல்ல, மஞ்சளை.

கையில் அடிபட்டால் முதலில் சிவக்கும், அப்புறம் கன்றி நீலமாகும், சில நாளில் பச்சையும் மஞ்சளுமாக மாறும். எல்லாரும் பார்த்ததுதான். ரத்தச் சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளிவருகிறது, அதை உடம்பின் செல்கள் சிதைத்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாற்றுகின்றன. அதே வேலை மூளை உறைக்குள்ளும் நடக்கிறது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும், அந்தச் செல்லில் இருக்கும் நொதி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். ஏறக்குறைய 12 மணி நேரம்.

கண்ணாடிக் குப்பிக்குள் அந்தச் செல்கள் வேலை செய்யாது. குப்பியில் கிடக்கும் ரத்தம் உடைந்து இளஞ்சிவப்பாகலாம், ஆனால் பிலிருபினாக மாறாது. ஆக, இப்போது ஊசி குத்தி வந்த ரத்தத்தில் புது மஞ்சள் வர வழியே இல்லை. மஞ்சள் இருந்தால் ரத்தம் பல மணி நேரம் முன்பே உள்ளே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பழையதா புதியதா என்று ரத்தமே சாட்சி சொல்கிறது!

அதனால்தான் தலைவலி ஆரம்பித்து 12 மணி நேரமாவது ஆன பிறகு இந்த நீரை எடுக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால் மஞ்சள் உருவாகியிருக்காது, சோதனை பொய் சொல்லிவிடும். 12 மணிக்கு அப்புறம் சுமார் இரண்டு வாரம் வரை மஞ்சள் நிற்கும். ஸ்கேன் நேரம் ஆக ஆகக் குருடாகிறது. நீரோ நேரம் ஆனபிறகுதான் பேசவே ஆரம்பிக்கிறது.

*

இப்போது அந்தக் கடைசிக் குப்பியின் பின்னால் போவோம்.

முதல் விதி, அதை வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. வெயிலில் காயப்போட்ட துணி வெளுக்கிற மாதிரி, வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும். அதனால் குப்பியை ஃபாயிலிலோ கெட்டிக் கவரிலோ சுற்ற வேண்டும். இரண்டாவது விதி, குலுக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் காற்றுக் குழாயில் போட்டு மாதிரிகளை லேபுக்கு அனுப்புவார்கள். இதை அதில் போடாமல் ஆள்தான் கையில் கொண்டுபோக வேண்டும். அதிர்ந்தால் சிவப்பணு உடைந்து நிறம் குழம்பிவிடும். மூன்றாவது, ஒரு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சிவப்பணுக்களை அடியில் படியவைத்து, மேலே இருக்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும்.

இந்தக் கதையில் ஃபாயில் சுற்றிய அந்தக் குப்பியைக் கொண்டுபோகும் வார்டு பாய்க்கு, தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? டீக்கடையில் அவர் ஒரு பத்து நிமிஷம் நின்று, ஜன்னலோரம் குப்பியை வைத்திருந்தால்..?

அடுத்தது நிறம் பார்ப்பது. பல ஆய்வகங்களில் இன்றைக்கும் கண்ணால்தான் பார்க்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு குப்பியில் சுத்தத் தண்ணீர், பின்னால் வெள்ளைக் காகிதம். இரண்டையும் ஒப்பிட்டு மஞ்சளா இல்லையா என்று சொல்வது.

இதைக் கேட்டதும் நம்ம வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "இது எங்க லேப் டிப் கதைங்க!"

உண்மைதான். பையர் ஒரு ஷேடு அனுப்புவார். அதே ஷேடைச் சின்னத் துண்டுத் துணியில் போட்டுக் காட்டுவதுதான் லேப் டிப். வெளிச்சம் மாறினால் ஷேடு மாறித் தெரியும் என்பதால் பெட்டிக்குள் டி65 என்ற செயற்கைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதிலும் ஒருத்தர் கண்ணுக்கு ஓகே, இன்னொருத்தர் கண்ணுக்கு ரிஜெக்ட். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட மாஸ்டர்கூட வெளிறிய மஞ்சளில் தடுமாறுவார். சண்டை வேண்டாம் என்றுதான் பெரிய டையிங்குகளில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

முதுகு நீருக்கும் அதே பெயருள்ள மெஷின்தான். டையிங்கில் துணி மீது பட்டுத் திரும்பும் ஒளியை அளக்கிறார்கள், இங்கே நீருக்குள் புகுந்து வெளிவரும் ஒளியை அளக்கிறார்கள். 350 நானோமீட்டரிலிருந்து 600 வரை ஒவ்வொரு நிறமாக ஒளியைச் செலுத்தி எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஒரு கோடு வரையும். உடைந்த சிவப்பு 410-லிருந்து 418-க்குள் ஒரு கூர்மையான முகடாக எழும்பும். மஞ்சளை 476-ல் அளப்பார்கள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து இதில் சிவப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை என்று பிரித்துச் சொல்வது போலத்தான். கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும் நீருக்குள்ளும் ஒளிந்திருக்கும் மஞ்சளை அது காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் இதற்கென்று 2003-ல் விதிமுறை எழுதி, 2008-ல் திருத்தினார்கள். 476-ல் சரிசெய்த அளவு 0.007-க்கு மேல் போனால் மஞ்சள் இருக்கிறது என்று கணக்கு. எவ்வளவு சின்ன எண் பாருங்கள்!

அதிலும் ஒரு குறுக்குக் கேள்வி உண்டு. மஞ்சள் காமாலை இருந்தாலும் நீர் மஞ்சளாகும், நீரில் புரதம் கூடினாலும் ஆகும். அதனால் அதே நேரத்தில் ரத்தத்தில் பிலிருபின், நீரில் புரதம் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள்.

*

அக்காவின் நீரில் மஞ்சள் இருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தக்குழாய்க்கு மருந்து செலுத்தி ஆஞ்சியோ ஸ்கேன். பலூன் தெரிந்தது. ஆம்புலன்சில் கோயம்புத்தூர். வெடித்த பலூனை அடைக்க இரண்டு வழி இருக்கிறது. மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் கிளிப் போடலாம், இதை வால்டர் டேண்டி 1937-ல் முதலில் செய்தார். தொடை வழியாக மெல்லிய குழாயை அனுப்பி உள்ளே பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி அடைக்கலாம், இது 1990-லிருந்து நடக்கிறது. அக்காவுக்குக் கம்பி வைத்தார்கள். அடைத்த பிறகும் ஆபத்து முடியவில்லை. இரண்டு வாரம் வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும் பயம் உண்டு, அதற்கு 21 நாள் நிமோடிபின் மாத்திரை.

"நார்மல்" ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போயிருந்தால்? ஒருமுறை வெடித்த பலூன் மறுபடியும் வெடிக்கலாம். முதல் நாளில்தான் அந்த ஆபத்து மிக அதிகம், அடைக்காமல் விட்டால் அடுத்த வாரங்களிலும் தொடரும். இரண்டாவது முறை வெடித்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கு வர நேரமே இருக்காது.

ஒருவேளை நீர் தெளிவாக இருந்திருந்தால் இத்தனையும் வீண்தானே என்று கேட்கலாம். வீண் இல்லை. அப்போது "ரத்தக்கசிவு இல்லை" என்று தைரியமாகச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நேராக ஆஞ்சியோவுக்கே போயிருக்கலாமே என்றும் கேட்கலாம், சில இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு தொந்தரவும் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு சுமார் 3 பேருக்கு இப்படி ஒரு பலூன் இருக்கும், அது ஆயுசு முழுக்க வெடிக்காமலும் போகலாம். பலூன் இருக்கிறது என்று ஆஞ்சியோ சொல்லும். அது வெடித்ததா என்று நீர்தான் சொல்லும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரியே கிளம்பி, மூன்று மணிக்குள் ஸ்கேன் எடுத்திருந்தால் முதுகு ஊசிக்கே வேலை இருந்திருக்காது. 6 மணி நேரத்துக்குள் நல்ல மெஷினில் எடுத்து, அனுபவமுள்ளவர் பார்த்து நார்மல் என்றால் வழக்கமாக ஊசி தேவையில்லை என்று பிரிட்டனின் 2022 வழிகாட்டி சொல்கிறது. அக்காவின் வீட்டுக்கும் ஸ்கேன் மெஷினுக்கும் நடுவில் இருந்த தூரம் அரை மணி நேரம். அதைக் கடக்க 37 மணி நேரம் ஆனது. நடுவில் இருந்தவை ஒண்ணரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை, மெடிக்கல் மாத்திரை, "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கா" என்ற வார்த்தை. தலைவலிக்கு லீவு கேட்டால் சிரிக்கிற ஊர்களில் இந்த 37 மணி நேரம் ரொம்பச் சாதாரணம்.

மெஷின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு ஒரு விஷயம் தெரியாது. எப்போது ஆரம்பித்தது என்று. ஸ்கேனை நம்பலாமா, நீரை இப்போது எடுக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா, எல்லாமே அந்த ஒரு பதிலில் தொங்குகிறது. அந்தப் பதில் லேபில் கிடைக்காது, வீட்டில் இருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

"ரெண்டு நாளா தலைவலிங்க" என்று அக்கா சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவர் சொன்னது இது: "சனிக்கிழமை ராத்திரிங்க டாக்டரம்மா. குடத்தைத் தூக்கறப்ப. ஒம்பது மணி நியூஸ் அப்பத்தான் ஆரம்பிச்சுது."

எப்போதாவது உங்கள் வீட்டில் யாராவது தலையைப் பிடித்துக்கொண்டு இடி விழுந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால், மாத்திரை டப்பாவைத் தேடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். மணியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிஸ்கி: இது வைத்தியம் சொல்லும் பதிவு இல்லை. திடீரென்று உச்சத்துக்குப் போன தலைவலி, கழுத்து இறுக்கம், மயக்கம் இதெல்லாம் இருந்தால் படித்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.